இரட்டைப் புரியைப் பிரித்த வரலாறு

கயிறு திரிப்போரைக் கண்டவர்கள் ஓர் உண்மையை அறிவார்கள். இரண்டு புரிகளை முறுக்கி ஒரு கயிறாக்குவது எளிது. முறுக்கேறிய கயிற்றின் ஒரு முனையை இறுகக் கட்டிவிட்டு, மறுமுனையிலிருந்து புரிகளைப் பிரிக்கத் தொடங்கினால்தான் தொல்லை தெரியும். இங்கே பிரிக்கப் பிரிக்க, அங்கே முறுக்கு மேலும் மேலும் இறுகும். இறுதியில் கயிறு தன்மேல் தானே சுருண்டு சிக்காகிவிடும்.

உயிரணு ஒன்று இரண்டாகப் பிரியும் முன்பெல்லாம் இத்தகைய கயிறு ஒன்றை முழுவதும் பிரித்துப் படியெடுத்தாக வேண்டும். டி.என்.ஏ. எனப்படும் அக்கயிறு, தான் இருக்கும் அறையைவிடப் பன்மடங்கு நீளமானது. அதனைச் சிக்கு விழாமல் மடித்து வைப்பது எப்படி? மடித்து வைத்ததை அறுந்து போகாமல் பிரிப்பது எப்படி? பிரித்ததைப் பிழையின்றிப் படியெடுப்பது எப்படி? இம்மூன்று வினாக்களுக்கும் மாந்தர் விடை தேடிய வரலாற்றை ஈண்டுக் காண்போம்.

பள்ளிப் பாடநூல்கள் இவ்வரலாற்றை ஒரே வரியில் முடித்துவிடுகின்றன. 1953ஆம் ஆண்டில் வாட்சன், கிரிக் என்னும் இருவர் டி.என்.ஏ. இரட்டைப் புரியாக அமைந்தது என்று கண்டனர் என்பதே அவ்வரி. மாணவர் அதை மனப்பாடம் செய்கின்றனர், தேர்வில் எழுதுகின்றனர், மறந்துவிடுகின்றனர். உண்மையில் அந்த ஆண்டில் கிடைத்த அழகிய விடை, முன்னிலும் கடிய வினா ஒன்றைப் பெற்றெடுத்தது. அவ்வினாவைத் துணிந்து கேட்டவர்களும், அதை ஒதுக்கிவிடாமல் ஏற்றுக்கொண்டவர்களுமே பின்வந்த அறிவு முழுவதற்கும் வழி திறந்தவர்கள்.

சீழ்த்துணியில் கிடைத்த செல்வம்

1869ஆம் ஆண்டில், செருமனி நாட்டுத் தூபிங்கன் நகரில், ஃபிரீட்ரிஷ் மீஷர் என்னும் சுவிட்சர்லாந்து இளைஞர், மருத்துவமனையில் கழித்த புண்கட்டுத் துணிகளைக் கேட்டு வாங்கி வந்தார். அவற்றில் ஊறியிருந்த சீழிலிருந்து வெள்ளணுக்களைப் பிரித்து, அவற்றின் உட்கருவை ஆராய்ந்தார். பாஸ்பரசு மிகுந்த, புரத வகையில் சேராத ஒரு பொருள் அதில் கிடைத்தது. அதற்கு அவர் 'நியூக்ளின்' என்று பெயரிட்டார். அதுவே பின்னாளில் டி.என்.ஏ. என்று அறியப்பட்டது.

மீஷரின் ஆசிரியர் ஹோப்பே-சைலர் அதனை உடனே நம்பிவிடவில்லை. தாமே அச்சோதனைகளைத் திரும்பச் செய்து பார்த்தார். உண்மையெனத் தெளிந்த பின்னரே 1871இல் கட்டுரை வெளிவர இசைந்தார். மாணவரின் முடிவை ஐயுற்ற அந்த ஆசிரியர், அவருக்கு நன்மையே செய்தார் என்று கூறவேண்டும்.

1884இல் ஆல்பிரெக்ட் கோசெல் என்னும் அறிஞர் பெருவாத்தின் குருதியணுக்களை ஆராய்ந்து, உட்கருவில் அந்தப் பொருளோடு ஒட்டியிருந்த புரதம் ஒன்றைப் பிரித்தெடுத்தார். ஹிஸ்டோன் என்பது அதன் பெயர். அக்காலத்திலேயே வால்டர் ஃபிளெமிங் உயிரணுக்களுக்குச் சாயமேற்றி, அவை பிரியும்போது உட்கருவில் நூல்கள் போன்றவை திரண்டு, இரண்டாகப் பிளந்து, இரு பக்கமும் சமமாகப் பிரிந்து செல்வதைக் கண்டார். 1888இல் வால்டையர் அந்நூல்களுக்குக் குரோமோசோம் என்று பெயர் வைத்தார். கிரேக்க மொழியில் 'நிற உடல்' என்பது அதன் பொருள். இலங்கைத் தமிழ்ப் பாடநூல்கள் 'நிறமூர்த்தம்' என்று வழங்குவது இப்பொருளைத் தழுவியே ஆகும். அந்த நிறம் அதற்கு இயல்பானதன்று. ஆராய்ச்சியாளர் ஊட்டிய சாயத்தின் நிறம் என்பதை மாணவர்க்கு மறவாமல் சொல்ல வேண்டும்.

உட்கருவில் இரண்டு பொருள்கள் இருந்தன: ஒன்று டி.என்.ஏ.; மற்றொன்று புரதம். பெற்றோரின் இயல்புகளைப் பிள்ளைகளுக்குக் கொண்டு செல்வது இவற்றுள் எது? புரதமே என்று பலரும் எண்ணினர். புரதத்தில் இருபது வகை அமினோ அமிலங்கள் உண்டு. டி.என்.ஏ.யிலோ அடினைன், தைமின், குவானைன், சைட்டோசைன் என்னும் நான்கு காரங்களே உண்டு. அந்நான்கும் மாறாத ஒரே ஒழுங்கில் திரும்பத் திரும்ப வருகின்றன என்று லெவீன் என்னும் வேதியியலறிஞர் கருதினார். அப்படியானால் அதில் செய்தி எதுவும் எழுதியிருக்க முடியாது. ஆதலால் டி.என்.ஏ. வெறும் தாங்குசட்டமாகத்தான் இருக்கும் என்று அறிஞர் பலர் நம்பினர்.

அந்நம்பிக்கை 1944இல் ஆட்டம் கண்டது. ஆவெரி, மெக்லியோட், மெக்கார்ட்டி ஆகிய மூவர், நிமோனியாக் காய்ச்சலை உண்டாக்கும் பாக்டீரியாவை ஆராய்ந்தனர். தீங்கற்ற வகையைத் தீங்குடைய வகையாக மாற்றும் பொருள் டி.என்.ஏ.யே என்று அவர்கள் காட்டினர். இயல்பைத் தாங்கும் பொருள் என்று கருதப்பட்ட புரதம் பொதியும் துணியாயிற்று. துணி என்று கருதப்பட்டதே உள்ளிருக்கும் ஏடாயிற்று.

அழகிய விடையும் அது எழுப்பிய ஐயமும்

1950ஆம் ஆண்டையொட்டி எர்வின் சார்காஃப் ஒரு கணக்கைக் கண்டார். எந்த உயிரின் டி.என்.ஏ.யிலும் அடினைனும் தைமினும் ஏறத்தாழச் சம அளவு. குவானைனும் சைட்டோசைனும் அவ்வாறே சம அளவு. 1952 மே மாதத்தில், இலண்டன் கிங்ஸ் கல்லூரியில் ரோசலிண்ட் ஃபிராங்க்லினும் அவர் மாணவர் கோஸ்லிங்கும் எடுத்த எக்ஸ்-கதிர்ப் படம், டி.என்.ஏ. சுருள் வடிவானது என்பதைத் தெளிவாகக் காட்டிற்று. அப்படம் ஃபிராங்க்லின் அறியாமலே வாட்சனிடம் காட்டப்பட்டது என்பதை இன்று உலகம் அறியும். 1953 ஏப்ரல் 25ஆம் நாள், வாட்சனும் கிரிக்கும் இரட்டைப் புரி வடிவத்தை வெளியிட்டனர். 1962இல் வாட்சன், கிரிக், வில்கின்ஸ் ஆகிய மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. ஃபிராங்க்லின் 1958இலேயே, தம் 37ஆம் வயதில், மறைந்துவிட்டார்.

அவ்வடிவத்தின் அழகு இதுதான். ஒரு புரியில் அடினைன் இருக்குமிடத்தில் எதிர்ப்புரியில் தைமின் இருக்கும். குவானைனுக்கு எதிரே சைட்டோசைன் இருக்கும். ஆகவே ஒரு புரி தெரிந்தால் மற்றொன்றை எழுதிவிடலாம். இரண்டையும் பிரித்து, ஒவ்வொன்றின் எதிரிலும் புதிய புரியை அமைத்தால், ஒன்று இரண்டாகிவிடும்.

இங்கேதான் கயிற்றின் தொல்லை குறுக்கிட்டது. சுருளில் ஏறத்தாழப் பத்துக் கார இணைகளுக்கு ஒரு முறுக்கு உண்டு. பல இலட்சம் இணைகள் கொண்ட கயிற்றைப் பிரிக்க எத்தனை இலட்சம் முறை சுற்ற வேண்டும்! வாட்சனும் கிரிக்கும் 1953 மே மாத இறுதியில் வெளியிட்ட இரண்டாம் கட்டுரையில் இந்த இடர்ப்பாட்டை மறைக்காமல் ஒப்புக்கொண்டனர். அதனை வலியுறுத்திக் கேட்டவர் கலிஃபோர்னியாத் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த மாக்ஸ் டெல்புரூக். இயற்பியலில் தேர்ந்து, பின் உயிரியலுக்கு வந்தவர் அவர். இவ்வளவு முறுக்கும் அவிழ்வது நடவாத செயல். ஆகவே இடையிடையே புரிகள் அறுந்து அறுந்து இணைய வேண்டும் என்று 1954இல் எழுதினார்.

ஆசிரியர்கள் இவ்விடத்தில் ஒரு சோதனை செய்து காட்டலாம். சிவப்பு, வெள்ளை என இரு நிறக் கயிறுகளை எடுத்து ஒன்றோடொன்று முறுக்கி, ஒரு முனையைக் கதவுத் தாழ்ப்பாளில் கட்டுங்கள். மறுமுனையை இரு மாணவர் ஆளுக்கொரு நிறமாகப் பிடித்து இழுக்கட்டும். சிறிது தூரம் பிரிந்த பின் கயிறு முரண்டு பிடிக்கும். எஞ்சிய பகுதி முடிச்சு முடிச்சாகச் சுருளும். டெல்புரூக்கின் ஐயத்தை ஒரு பக்க விளக்கத்தைவிட இது நன்றாக உணர்த்திவிடும்.

மூன்று வழிகள், ஒரு சோதனை

ஐயம் எழுந்ததால் வழிகள் மூன்றாகத் தெளிவுபட்டன. பழைய இரு புரிகளும் பிரியாமல் அப்படியே நிற்க, முற்றிலும் புதிய இரட்டைப் புரி ஒன்று உண்டாகலாம். அல்லது பழைய புரிகள் பிரிந்து, ஒவ்வொன்றும் ஒரு புதிய துணையைப் பெறலாம். அல்லது டெல்புரூக் கருதியவாறு பழையதும் புதியதும் துண்டு துண்டாகக் கலந்து வரலாம். இவற்றுள் எது உண்மை?

டெல்புரூக் பணியாற்றிய அதே கழகத்தில் மேத்யூ மெசல்சன், ஃபிராங்க்லின் ஸ்டால் என்னும் இளைஞர் இருவர் இவ்வழக்கைத் தீர்க்க முனைந்தனர். நம் குடலில் வாழும் ஈ. கோலை என்னும் பாக்டீரியாவை, எடை மிகுந்த நைட்ரஜன் கலந்த உணவில் பல தலைமுறை வளர்த்தனர். அதன் டி.என்.ஏ. முழுவதும் எடை கூடியதாயிற்று. பின்னர் அதனை இயல்பான நைட்ரஜன் உள்ள உணவுக்கு மாற்றினர். ஒவ்வொரு தலைமுறையிலும் டி.என்.ஏ.யை எடுத்து, சீசியம் குளோரைடு என்னும் உப்புக் கரைசலில் இட்டு, மையவிலக்குப் பொறியில் பல மணிநேரம் அதிவேகமாகச் சுழற்றினர். கரைசலில், டி.என்.ஏ. தன் எடைக்கேற்ற மட்டத்தில் ஒரு பட்டையாக நின்றது.

ஒரு தலைமுறை கழிந்தபின் ஒரே பட்டைதான் தெரிந்தது. அது பழைய எடைக்கும் புதிய எடைக்கும் சரிநடுவே நின்றது. பழைய கயிறு பிரியாமல் இருந்திருந்தால் இரண்டு பட்டைகள் தோன்றியிருக்க வேண்டும். ஆகவே முதல் வழி வீழ்ந்தது. இரண்டு தலைமுறை கழிந்தபின் நடுப்பட்டை ஒரு பாதியும், எடை குறைந்த பட்டை மறுபாதியுமாக நின்றன. துண்டு துண்டாகக் கலந்திருந்தால் மீண்டும் ஒரே பட்டைதான் வந்திருக்கும். ஆகவே மூன்றாம் வழியும் வீழ்ந்தது. ஒரு பழைய புரியும் ஒரு புதிய புரியுமே ஒவ்வொரு பிள்ளைக்கும் பங்காகச் செல்கின்றன. இம்முடிவு 1958இல் வெளிவந்தது.

உட்கரு உடைய உயிர்களிலும் இவ்வாறே நடைபெறுகிறது என்பதற்கு முந்திய ஆண்டிலேயே சான்று கிடைத்திருந்தது. 1957இல் ஹெர்பர்ட் டெய்லரும் உடன் பணியாற்றிய இருவரும், ஐரோப்பிய அவரை வகை ஒன்றின் வேர் நுனிகளுக்குக் கதிரியக்கமுள்ள தைமிடினை ஊட்டினர். முதற் பிரிவில் இரட்டைக் குரோமோசோம்களின் இரு பாதியும் கதிரியக்கம் காட்டின. கதிரியக்கமற்ற உணவில் நடந்த அடுத்த பிரிவில் ஒரு பாதி மட்டுமே காட்டிற்று. பாக்டீரியாவுக்கும் அவரைச் செடிக்கும் இடையே எத்தனை தொலைவு! ஆயினும் பங்கீட்டு முறை ஒன்றே.

டெல்புரூக்கின் விடை தோற்றது. அவருடைய வினா தோற்கவில்லை. புரிகள் பிரிகின்றன என்று தெரிந்ததே ஒழிய, எப்படிப் பிரிகின்றன என்பது தெரியவில்லை.

பாக்டீரியாவின் வட்டக் கயிறு

1963இல் ஜான் கெய்ர்ன்ஸ் ஈ. கோலையின் டி.என்.ஏ. முழுவதையும் முதன்முதலாகக் கண்ணுக்குக் காட்டினார். அதற்குக் கதிரியக்கமுள்ள தைமிடினை ஊட்டி, உடலை மெல்லக் கரைத்து, வெளிவந்த நூலின்மேல் ஒளிப்படச் சுருளைப் பரப்பி இரண்டு மாதம் இருட்டில் வைத்தார். கழுவிப் பார்த்தபோது கருப்புப் புள்ளிகள் வரிசையாக நின்று நூலின் வடிவைக் காட்டின. அந்நூலுக்குத் தொடக்கமுமில்லை, முடிவுமில்லை; அது ஒரு வட்டம். படியெடுக்கப்பட்டுக் கொண்டிருந்த வட்டத்தில் இரண்டு கவர்கள் தெரிந்தன.

அதன் நீளம் ஒரு மில்லிமீட்டருக்கு மேல். பாக்டீரியாவின் நீளமோ ஏறத்தாழ ஆயிரத்தில் இரண்டு மில்லிமீட்டர். ஒரு பாக்டீரியத்தைப் பத்தாயிரம் மடங்கு பெருக்கினால் ரப்பர் விதையின் அளவுக்கு வரும். அதே கணக்கில் அதனுள் இருக்கும் நூல் 16 மீட்டர் நீளமிருக்கும். 1997இல் இந்நூல் முழுவதும் எழுத்தெண்ணிப் படிக்கப்பட்டது. கார இணைகள் 46 இலட்சத்துக்கு மேல் இருந்தன. அவை அத்தனையையும் இப்பாக்டீரியா ஏறத்தாழ 40 நிமிடத்தில் படியெடுத்துவிடுகிறது. ஒரே இடத்தில் தொடங்கி, இரு பக்கமும் இரண்டு கவர்கள் விரைகின்றன. கணக்கிட்டால் ஒவ்வொரு கவரிலும் நொடிக்கு ஏறத்தாழ ஆயிரம் எழுத்துகள் ஆகின்றன. அப்படியானால் கயிறு நிமிடத்துக்கு 5,000 முறைக்கு மேல் சுழன்றாக வேண்டும். டெல்புரூக் திகைத்ததில் வியப்பில்லை.

விடை 1971இல் புலப்படத் தொடங்கிற்று. அமெரிக்காவில் ஆராய்ந்துவந்த சீன அறிஞர் ஜேம்ஸ் வாங், முறுக்கைத் தளர்த்தும் நொதி ஒன்றை ஈ. கோலையில் கண்டார். அது புரியை அறுக்கிறது, முறுக்கை அவிழவிடுகிறது, அறுத்த இடத்தைத் தானே ஒட்டிவிடுகிறது. அறுப்பும் ஒட்டும் ஒரே கையின் வேலை. 1976இல் மார்ட்டின் கெல்லர்ட்டும் அவர் குழுவினரும் கைரேஸ் என்னும் மற்றொரு நொதியைக் கண்டனர். இஃது இரு புரிகளையும் ஒருங்கே அறுத்து, இடைவெளியில் கயிற்றின் வேறொரு பகுதியை நுழைத்து, மீண்டும் இணைத்துவிடும். முன்னே இறுகும் முறுக்கை நொடிதோறும் போக்கிக்கொண்டே செல்வது இதுவே. அறுந்து இணையாமல் ஆகாது என்ற டெல்புரூக்கின் எண்ணத்தில் ஓர் உண்மை இருந்தது என்பது இருபது ஆண்டுகளுக்குப் பின் விளங்கிற்று.

கைரேஸின் வேலை அத்துடன் நிற்பதில்லை. கயிற்றை அதன் இயல்பான முறுக்குக்கு எதிர்ப்புறமாகவும் அது முறுக்குகிறது. அதனால் வட்டக்கயிறு தன்மேல் தானே சுருண்டு பல வளையங்களாகச் சுருங்கி, சிற்றறையில் அடங்குகிறது. சில சிறு புரதங்கள் அதை வளைத்தும் பிணைத்தும் துணைசெய்கின்றன. சிக்கு என்று நாம் அஞ்சிய அதே சுருளல், இங்கே மடித்து வைக்கும் கலையாகிவிட்டது.

மற்றொரு வியப்பும் உண்டு. படியெடுக்க 40 நிமிடம் வேண்டும். ஆனால் நல்ல உணவு கிடைத்தால் இப்பாக்டீரியா 20 நிமிடத்துக்கொரு முறை பெருகுகிறது. முதற்படி முடியுமுன்னரே அடுத்த படியைத் தொடங்கிவிடுவதே இதன் மறைபொருள் என்று கூப்பரும் ஹெல்ம்ஸ்டெட்டரும் 1968இல் விளக்கினர். மகள் பிறக்கும்போதே பேர்த்திக்குரிய ஏடு பாதி எழுதப்பட்டிருக்கிறது.

எதிரெதிர்த் திசையில் இரு புரிகள்

எழுத்துகளைக் கோக்கும் நொதியை 1956இல் கண்டவர் ஆர்தர் கோர்ன்பெர்க். 1959இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அந்நொதியிடம் ஒரு பிடிவாதம் உண்டு: ஒரு திசையில்தான் எழுதும். இரட்டைப் புரியில் இரண்டு புரிகளும் எதிரெதிர்த் திசையில் ஓடுகின்றன. கவர் ஒரே பக்கமாக முன்னேறும்போது, ஒரு புரியின் எதிரே தடையின்றி எழுதலாம். மற்றதன் எதிரே எப்படி எழுதுவது?

இதற்கு விடை கண்டவர்கள் ஜப்பானில் நகோயாப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ந்த ரெய்ஜி ஒகசாக்கி, சுனேகோ ஒகசாக்கி என்னும் கணவனும் மனைவியும். சில நொடிகள் மட்டுமே கதிரியக்கமுள்ள எழுத்துகளை ஊட்டிப் பார்த்தபோது, புதிதாக உண்டானவை குறுந்துண்டுகளாக இருந்தன. ஒரு புரி தொடர்ச்சியாகவும், மற்றது பின்னோக்கித் துண்டு துண்டாகவும் எழுதப்படுகிறது. பின்னர் அத்துண்டுகள் ஒட்டப்படுகின்றன என்று அவர்கள் 1968இல் வெளியிட்டனர். பாக்டீரியாவில் அத்துண்டுகள் ஆயிரம் முதல் இரண்டாயிரம் எழுத்து நீளமும், நம் உயிரணுக்களில் இருநூறு எழுத்துக்குட்பட்ட நீளமும் உடையவை.

ரெய்ஜி ஹிரோஷிமாவில் பிறந்தவர். 1945இல் அந்நகர்மேல் அணுகுண்டு விழுந்தபோது அவருக்கு வயது 14. அக்கதிர்வீச்சுக்கு ஆட்பட்டவர், 1975இல் இரத்தப் புற்றுநோயால் 44ஆம் வயதில் மறைந்தார். சுனேகோ அவ்வாராய்ச்சியை நிறுத்தவில்லை. ஒவ்வொரு துண்டும் எவ்வாறு தொடங்கப்படுகிறது என்பதையும் ஆராய்ந்து நிலைநாட்டினார்.

கோர்ன்பெர்க்கின் நொதிக்கும் ஒரு சோதனை வந்தது. அந்நொதி குன்றிய ஈ. கோலை ஒன்றை 1969இல் டி லூசியாவும் கெய்ர்ன்ஸும் கண்டனர். அது செவ்வனே வளர்ந்து பெருகிற்று. ஆகவே படியெடுக்கும் முதன்மை நொதி வேறொன்றாக இருக்க வேண்டும். அதனைத் தேடிக் கண்டவர்களுள் ஒருவர் கோர்ன்பெர்க்கின் மகன் தாமஸ். தந்தையின் நொதி செப்பனிடும் துணைநொதி என்று பின்னர்த் தெளிவாயிற்று.

நம் முன்னோர் ஏடு பெயர்த்தெழுதியபோது பிழைகள் புகுந்தன. அவையே இன்று பாடவேறுபாடுகளாக நிற்கின்றன. உயிரணுவும் அத்தொல்லையை அறியும். எழுதும்போதே ஒருமுறை திருத்துகிறது. எழுதி முடித்தபின் மறுமுறை ஒப்புநோக்குகிறது. முடிவில் நூறு கோடி எழுத்துக்கு ஒரு பிழை என்ற அளவே எஞ்சுகிறது என்பர். நம் அச்சகத்தார் பொறாமைப்படத்தக்க கணக்கு இது.

தேங்காய்க்குள் இருபது கிலோமீட்டர் நூல்

இனி நம் உயிரணுவுக்கு வருவோம். அதன் டி.என்.ஏ.யை நீட்டிவைத்தால் ஏறத்தாழ இரண்டு மீட்டர். உட்கருவின் குறுக்களவோ மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு. அதையும் பத்தாயிரம் மடங்கு பெருக்கினால் உட்கரு ஒரு சிறிய தேங்காயளவு ஆகும். உள்ளிருக்கும் நூல் 20 கிலோமீட்டர் நீளும். அந்நூல் 46 துண்டுகளாக உள்ளது.

இந்த 46 என்னும் எண்ணுக்கும் ஒரு வரலாறு உண்டு. 1920களிலிருந்து முப்பதாண்டுக் காலம் அறிஞர் உலகம் 48 என்றே நம்பியது; பாடநூல்களும் அவ்வாறே எழுதின. சாவகத் தீவிலே பெக்காலோங்கான் நகரிற் பிறந்து, போர்க்காலத்தில் ஜப்பானியரால் சிறைவைக்கப்பட்டவர் சியோ ஜோ ஹின். அவர் சுவீடனில் லுண்டு நகரில் ஆல்பர்ட் லெவானோடு ஆராய்ந்தபோது, 1955 டிசம்பரில் 46ஐ எண்ணிக் கண்டார், 1956இல் வெளியிட்டார். நம் அண்டைத் தீவில் பிறந்த ஒருவர் உலகப் பாடநூல்களைத் திருத்தினார் என்பதை நம் மாணவர் அறிவது நன்று.

இவ்வளவு நீண்ட நூல் அடங்கும் முறையை அறிய 1970கள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அடாவும் டொனால்டும் ஆன ஓலின்ஸ் இணையர், உட்கருப் பொருளை மின்னணு நுண்ணோக்கியில் கண்டபோது, நூலில் மணி கோத்தாற்போலத் தோன்றிற்று. மணியின் அமைப்பை 1974இல் விளக்கியவர் ரோஜர் கோர்ன்பெர்க். 1959இல் தந்தை ஆர்தர் பரிசு பெற ஸ்டாக்ஹோம் சென்றபோது உடன்சென்ற பன்னிரண்டு வயதுச் சிறுவன் இவரே. தந்தை படியெடுப்பதை ஆராய்ந்தார். மகன் பொதிவதை ஆராய்ந்தார். மரபுச் செய்தி படிக்கப்படும் முறையை ஆராய்ந்ததற்காக 2006இல் மகனும் நோபல் பரிசு பெற்றார்.

மணிக்கு நியூக்ளியோசோம் என்று பெயர். கோசெல் 1884இல் கண்ட ஹிஸ்டோன் புரதங்கள் எட்டுச் சேர்ந்து ஓர் உருளையாகின்றன. டி.என்.ஏ. அதன்மேல் ஒன்றே முக்காலுக்குச் சற்றுக் குறைந்த சுற்றாகச் சுற்றிக்கொள்கிறது. அச்சுற்றில் 147 இணைகள் அடங்குகின்றன. இதன் நுண்ணிய வடிவம் 1997இல் சூரிக் நகரில் வெளிப்பட்டது. ஓர் உயிரணுவில் ஏறத்தாழ மூன்று கோடி மணிகள் இருக்கும். ஹிஸ்டோன்களுள் ஒரு வகை, பட்டாணிச் செடியிலும் கன்றுக்குட்டியிலும் 102 இடங்களில் இரண்டே இடங்களில் வேறுபடுகிறது என்று 1969இல் கண்டனர். செடியும் விலங்கும் பிரிந்து நெடுங்காலம் கழிந்தும், நூல் சுற்றும் கட்டை மாறவில்லை.

மணிச்சரத்துக்கு மேல் மடிப்பது எப்படி? சரம் மீண்டும் சுருண்டு, மில்லிமீட்டரில் பத்து இலட்சத்தில் முப்பது பங்கு தடிமனுள்ள ஒழுங்கான கயிறாகிறது என்று 1976இல் ஃபிஞ்சும் குளூகும் கூறினர். பாடநூல்கள் பலவற்றில் அப்படம் இடம்பெற்றது. ஆயினும் 2017இல் மாந்த உயிரணுக்களை உள்ளபடியே படமெடுத்தபோது, அந்த ஒழுங்கான கயிறு தென்படவில்லை. மணிச்சரம் இடத்துக்கிடம் நெருங்கியும் தளர்ந்தும் ஒழுங்கின்றி மடிந்திருந்தது. 48 என்னும் எண்ணைப் போலவே இப்படமும் மறு ஆய்வுக்கு வந்துவிட்டது.

பல வாயில்கள், இரண்டு முனைகள்

மணிகள் கோத்த சரத்தைப் படியெடுப்பது மெதுவான வேலை. நம் உயிரணுவில் ஒரு கவர் நொடிக்கு ஐம்பது எழுத்துக்கு மேல் செல்வது அரிது. மிகப் பெரிய குரோமோசோமில் 24 கோடிக்கு மேற்பட்ட இணைகள் உள்ளன. பாக்டீரியாவைப் போல ஒரே இடத்தில் தொடங்கினால், அதைப் படியெடுக்க ஒரு திங்கள் ஆகும். ஆனால் உயிரணு அவ்வேலையை எட்டு மணிநேர அளவில் முடித்துவிடுகிறது. 1968இல் ஹூபர்மனும் ரிக்ஸும் இதன் வழியைக் காட்டினர். வேலை ஒரே வாயிலில் தொடங்குவதில்லை. பல்லாயிரம் வாயில்களில் தொடங்குகிறது. நீண்ட நூலொன்றைப் பலர் பகுதி பகுதியாகப் பகிர்ந்துகொண்டு படியெழுதுவது போன்றது இது. கவர் வரும்போது மணிகள் கழல்கின்றன; பழைய ஹிஸ்டோன்கள் இரு பிள்ளைகளுக்கும் பங்கிடப்பட, குறைக்குப் புதியன வந்து சேர்கின்றன.

வட்டக்கயிற்றுக்கு முனையில்லை, நம் நூலுக்கு முனைகள் உண்டு. துண்டு துண்டாக எழுதும் முறையில் கடைசி முனை முழுதும் எழுதப்படாமல் ஒவ்வொரு முறையும் சிறிது குறையும் என்று ரஷ்ய அறிஞர் ஒலோவ்னிகோவ் 1971இல் சுட்டினார். அம்முனையை நீட்டிக் காக்கும் நொதியை எலிசபெத் பிளாக்பர்னும் கேரல் கிரெய்டரும் குளத்து நீரில் வாழும் ஓரணு உயிரொன்றில் கண்டு 1985இல் வெளியிட்டனர். 2009இல் அவர்களும் ஜாக் சோஸ்டாக்கும் நோபல் பரிசு பெற்றனர்.

உயிர் காக்கும் வேற்றுமை

இவையெல்லாம் ஏட்டறிவுதானே, நமக்கு என்ன பயன் என்று கேட்பவருக்கும் விடை உண்டு. மலேரியாக் காய்ச்சலுக்குரிய குளோரோகுயின் மருந்து நம் தோட்டத்து முதியோர் அறிந்தது. அதை ஆக்கும்போது கிடைத்த உபபொருளின் வழியாக 1962இல் நாலிடிக்சிக் அமிலம் என்னும் மருந்து பிறந்தது. அது பாக்டீரியாவைக் கொன்றது. எப்படி என்பது அப்போது தெரியாது. 1977இல் தெரிந்தது: அது தாக்குவது கைரேஸ் நொதியை. முறுக்கைப் போக்க அறுத்த புரியை மீண்டும் ஒட்டவிடாமல் தடுத்துவிடுகிறது. கைரேஸ் நம் உயிரணுக்களில் இல்லை. அதனால் பாக்டீரியா மடிகிறது, நாம் பிழைக்கிறோம். சிப்ரோஃபிளாக்சசின் போன்ற மருந்துகள் அதன் வழிவந்தவை. நம் உயிரணுக்களில் அவ்வேலையைச் செய்யும் வேறு நொதியைத் தாக்கும் எட்டோபொசைடு, புற்றுநோய்க்கு மருந்தாகிறது.

கைரேஸில் சிறு மாறுதல் நேர்ந்த பாக்டீரியாக்கள் இம்மருந்துகளுக்கு இப்போது அடங்க மறுக்கின்றன. அளவும் காலமும் பாராமல் மருந்துண்பது அத்தகைய பாக்டீரியாக்களுக்கு வழிவிட்டுக் கொடுப்பதாகும். மருத்துவர் சொல்லாமல் உண்ணாதீர்கள் என்று பெற்றோர் கூட்டத்தில் நாம் சொல்லும் அறிவுரைக்கு அடியில் இத்துணை வரலாறு இருக்கிறது.

ஆசிரியர்க்கு ஒரு சொல்

இவ்வரலாறு தொடக்கப் பள்ளிப் பாடமன்று, நானறிவேன். ஆயினும் நம் பிள்ளைகள் நாளை இடைநிலைப் பள்ளியில் வேறு மொழியில் இதைச் சந்திக்கும்போது, வெறுஞ்சொற்களை மனப்பாடம் செய்வோராக அமர்ந்திருத்தல் கூடாது. புரி, திரி, முறுக்கு, சிக்கு, அவிழ்ப்பு என்று இக்கட்டுரைக்கு வேண்டிய சொற்களில் பெரும்பாலானவை நம் பாட்டிமார் வாயில் வழங்கியவை. பெயர்ச்சொற்கள் சிலவற்றை வேற்றுமொழியிலிருந்து பெறுவதில் இழிவில்லை. கருத்து மட்டும் தாய்மொழியில் வேரூன்றிவிட்டால், பெயர் எம்மொழியில் வந்தாலும் பிள்ளை தடுமாறாது.

அதனினும் பெரியது ஒன்றுண்டு. இவ்வரலாற்றில் முன்னேற்றம் தந்தவர்களைப் பாருங்கள். மாணவரின் முடிவைத் தாமே சோதித்த ஹோப்பே-சைலர், தம் அழகிய விடையின் குறையை ஒப்புக்கொண்ட வாட்சனும் கிரிக்கும், தவறான விடை தந்தும் சரியான வினா எழுப்பிய டெல்புரூக், ஊரே 48 என்றபோது மறுபடியும் எண்ணிப் பார்த்த சியோ. எல்லாரும் ஒப்புக்கொண்டதை ஏன் என்று கேட்டவர்கள் இவர்கள். நம் வகுப்பில் பின்வரிசைச் சிறுவன் ஒருவன் எழுந்து, "அது எப்படி ஐயா முடியும்?" என்று கேட்பானாயின், பாடம் தடைப்படுகிறதே என்று சினந்து அவனை உட்காரச் சொல்லாதீர்கள். விடை உங்களுக்குத் தெரியாமற் போனாலும் தாழ்வில்லை; அவன் வினாவைக் கரும்பலகையில் எழுதி வையுங்கள்.